பொருந்திய வயர்

கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எனக்குக் கோபம் வராது. கெட்டுப்போன கதையைச் சொல்கிறவர்கள்மேல்தான் வரும். "ஒண்ணும் செய்யல, தானா ஆஃப் ஆயிட்டு" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் தோண்டித் துருவினால், முந்தின நாள் கேபினட்டை ஈரத்துணியால் துடைத்தது மெல்ல வெளியே வரும். அதை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துபோகும்? இருபது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எவனும் பதில் சொன்னதில்லை.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். வீடு சுசீந்திரத்தில். சாயங்காலம் பஸ் இறங்கி, ஒரு கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு ஹெட்போனை மாட்டினால் எங்கள் விளையாட்டுக் கூட்டத்தில் நுழைந்துவிடுவேன். இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். பாதிப்பேர் இந்த ஜில்லாவில், மீதி வளைகுடாவில். துப்பாக்கி விளையாட்டு என்று பெயர்தானே தவிர, சுடுவதைவிடப் பேச்சுதான் அதிகம். எதிரி கட்டடத்துக்குள் பதுங்கி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவன் "இன்னைக்கு சாளை மீன் கெடச்சுதா?" என்று கேட்பான். பதில் சொல்கிறவன் செத்துப்போவான். இப்படித் தோற்றுத் தோற்றே எங்களுக்குள் ஒரு பாசம் வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நான் டாக்டர். எவனுக்கு மெஷின் படுத்தாலும் விளையாட்டு நின்றுவிடும், எல்லாரும் எனக்கு வழிவிடுவார்கள். எத்தனை பீப் அடிக்கிறது, ஃபேன் சுற்றுகிறதா, கீபோர்டில் விளக்கு எரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, இருந்த இடத்திலிருந்தே இன்ன பாகம் என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அந்த எட்டு என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டத்தில் ஒருவன் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். நாங்கள் கத்தார்க்காரன் என்றுதான் சொல்வோம். ஊர் பூதப்பாண்டி. அங்கே மனைவியும் பத்து வயது மகளும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. மகளோடு அவன் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறுமா என்று தெரியாது. ஆனால் அப்பாவும் மகளும் மூன்று வருஷமாகச் சேர்ந்து ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டும் ஒரு விளையாட்டு இருக்கிறதே, அதற்குள். ஊருக்கு வெளியே அவன் வாங்கிப் போட்டிருக்கும் மனையில் நிஜமாகக் கட்ட நினைத்திருந்த வீட்டின் அச்சு அது. முன்னால் இரண்டு தூண், பின்னால் கிணறு, மாடியில் அவளுக்கு ஒரு அறை.

அந்த உலகம் பூதப்பாண்டி வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பகல் முழுக்க அதை ஓடவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போவாள். வேலைக்கு நடுவே நேரம் கிடைக்கும்போது அவன் அங்கிருந்து உள்ளே நுழைந்து, பலகையில் ஏதாவது எழுதி நட்டுவைத்துவிட்டுப் போவான். இன்றைக்கு இங்கே மணல்காற்று, கணக்குப் பரீட்சை எப்படி, மாடிப்படியில் விளக்கு வைத்திருக்கிறேன் பார். அவள் வந்ததும் தேடித் தேடிப் படிப்பாள். ஒரு பலகையையும் பிடுங்கவிட மாட்டாள். கிணற்றைச் சுற்றி, வேலி ஓரம், படிக்கட்டு நெடுக என்று முந்நூறு பலகையாவது இருக்கும். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு என்பதால், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கட்டுவார்கள்.

இந்த வருஷம் ஊருக்கு வருவதாக இருந்தவனுக்குக் கம்பெனி லீவு தரவில்லை. மகள் மூன்று நாள் அவனோடு பேசவில்லையாம். கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டு வேலைதான் முடிந்துவிட்டதே, பால் காய்ப்பு வைத்துவிடுவோம் என்றான். விளையாட்டுக்குள்ளே ஒரு பால் காய்ப்பு. எங்கள் கூட்டத்துக்கே அழைப்பு வந்தது. மூன்று வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அவள் கையால் அட்டை வரைந்து போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள்.

அழைப்பு வந்த நாலாம் நாள் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைய ஆரம்பித்தது.

இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று நினைத்தேன். ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்க்கச் சொன்னேன். தாயும் மகளும் கேபினட்டைத் திறந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, நான் சொல்லச் சொல்லச் செய்தார்கள். ஒருநாள் ஓடியது, மறுநாள் அணைந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டச் சொன்னேன். பக்கத்தில் டேபிள் ஃபேன் வைக்கச் சொன்னேன். கேபினட்டுக்குள்ளிருந்து ஒரு பல்லி முட்டையின் ஓடு கிடைத்தது. அதுதான் காரணம் என்று நான் அறிவித்த அரை மணி நேரத்தில் மறுபடி அணைந்தது. பத்து நாள் இப்படியே போயிற்று. சாயங்காலம் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவன் விண்டோஸை மாற்று என்றான், ஒருவன் வைரஸ் என்றான், கம்ப்யூட்டர் இருக்கும் திசை சரியில்லை என்றுகூட ஒருவன் சொன்னான். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

இதற்கு நடுவில் கத்தார்க்காரன் மனைவி ஒன்று சொன்னாள். "அண்ணே, நான் கசேரய இழுத்துப் போட்டாத்தான் ஆஃப் ஆவுது, கேட்டியளா." ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை நான் சிரித்தேன். நாற்காலிக்கும் மதர்போர்டுக்கும் என்ன தங்கச்சி சம்பந்தம், கொஞ்சம் சும்மா இருங்க என்றேன். அவள் சும்மா இருந்துவிட்டாள்.

மிச்சமிருந்தது பவர் சப்ளைதான் என்று முடிவுகட்டினேன். கேபினட்டின் மூலையில் இருந்துகொண்டு மற்ற எல்லாப் பாகத்துக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. சந்தேகம் வந்தால், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வழி. அதற்கென்றே எங்கள் கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு பவர் சப்ளை இருந்தது. முந்தின லீவில் கத்தார்க்காரனே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்த நல்ல சரக்கு. அதன் வயர்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். ஒரு ஜவுளிக்கடைப் பையில் வயர்களோடு அது ஜில்லா முழுக்கச் சுற்றும். பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் அந்தந்த ஸ்டாப்பில் ஆள் நின்று வாங்கிக்கொள்வான். வேலை முடிந்தால் என்னிடம் திரும்பி வர வேண்டும். எல்லா வயரும் பைக்குள் இருக்க வேண்டும், வேறு வயர் கலக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுகிறவனும் நான்தான்.

பால் காய்ப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்டக்டரை நம்பாமல் பையை நானே எடுத்துக்கொண்டு பூதப்பாண்டிக்குப் போனேன். கத்தார்க்காரன் மகள் வாசலிலேயே நின்றாள். உள்ளே மேசைமேல் கேபினட்டைத் திறந்து, திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று தாளில் குறித்தும் வைத்திருந்தாள். எங்கள் லேபில் படிக்கிற தடியன்கள் ஒருத்தனும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பழைய பவர் சப்ளையை எடுத்துவிட்டு எங்கள் பெட்டியை மாட்டினேன். பையிலிருந்து வயர்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சொருகினேன். டிஸ்க்குக்குப் போகிற வயர் கடைசி. நன்றாகப் பொருந்தி, கிளிக் என்று உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டேன்.

பட் என்று ஒரு சத்தம். நாற்றம் உடனே வந்துவிட்டது. எரிந்த சிப்பின் நாற்றத்தை அறிந்தவனுக்கு அதற்குமேல் ஒரு சோதனையும் தேவையில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் இருந்தன. சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, அதில்தான் அந்த உலகம். புதிய எஸ்.எஸ்.டி. ஒன்று, அதில் விண்டோஸும் உலகத்தின் நகலும். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று தினமும் தானாக நகல் எடுக்கும்படி அமைத்துக் கொடுத்தவன் நான்தான். அதைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பிரசங்கமே செய்திருக்கிறேன். இரண்டும் ஒரே கேபினட்டில், ஒரே வயரில் அடுத்தடுத்து மாட்டியிருந்தன. இரண்டும் ஒன்றாகப் போயின.

டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சை மறுபடி போட்டு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அந்த வயரில் ஐந்து வோல்ட் வர வேண்டிய கம்பியில் பன்னிரண்டு வந்துகொண்டிருந்தது. இந்தக் கழற்றி மாட்டுகிற வயர்களில் உள்ள அக்கிரமம் இதுதான். முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே உருவம், எதை எதில் சொருகினாலும் பொருந்தும். உள்ளே எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பைக்குள் இருந்தது வேறு ஏதோ பெட்டியின் வயர். யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், அவள் அம்மா என்ன நடந்தது என்று புரியாமல், சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் மேலே உட்காரட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேசைக்கு அடியில், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சிவப்பு விளக்கு அணைந்தது. நாற்காலியை நகர்த்தினேன், எரிந்தது. திரும்ப வைத்தேன், அணைந்தது. நாற்காலிக் கால் ஏறி ஏறி அந்த பாக்ஸின் வயர் உள்ளுக்குள் அறுந்துபோயிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இருக்கவில்லை. நான் வந்து உண்டாக்கும்வரை இருக்கவில்லை.

"நான் சொன்னேம்லா அண்ணே" என்று அவள் அம்மா கேட்டிருந்தால் தேவலை. அவள் கேட்கவில்லை. மகள்தான் என் முன்னால் வந்து குத்தவைத்தாள்.

"மாமா, வீடு இருக்கா?"

பார்க்கணும் மக்கா என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். திருகாணிக் கிண்ணத்தை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே கத்தார்க்காரனை, நாங்கள் விளையாடும்போது பேசிக்கொள்ளும் குரல் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவ அழுதாளா?" என்றான்.

"இல்ல."

"அப்பம் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அவன் ஏசாததை எல்லாம் சேர்த்து நான் கூட்டத்தில் ஏசினேன். வயரை மாற்றியது எவன் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் இல்லை என்றார்கள். கடைசியாகப் பெட்டியை வாங்கிப்போனவன் மார்த்தாண்டத்துக்காரன். பாலத்துக்கு அடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். என்னைவிடக் கை சுத்தமான வேலைக்காரன். நான் வாங்கியதைத்தான் அப்படியே திருப்பி அனுப்பினேன் என்று அவன் இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னான். எனக்கா கேட்கத் தோன்றும்? நல்ல வயரைப் பார்த்ததும் கை அரித்திருக்கும், களவாணிப் பயல் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். ஒரு சின்னப் பிள்ளையின் வீட்டை எரித்துவிட்டாய் என்றும் சொன்னேன். திரையில் அவன் வெளியேறிவிட்டான் என்று ஒரு வரி வந்தது. எட்டு வருஷமாகத் தினமும் கேட்ட குரல். எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரியில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் வந்ததும், பைக்குள் இருந்தது வேறு கம்பெனி வயர்தான் என்று போட்டோ எடுத்துப் போட்டு மார்த்தாண்டத்துக்காரனின் வாயை அடைக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பவர் சப்ளையில் அச்சடித்திருந்த கம்பெனி எழுத்துக்களைக் குறித்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்க என் சொந்தக் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்தேன். என் டிஸ்க்குக்குப் போகிற வயரில் வெள்ளையாக அச்சடித்திருந்தது, அதே எழுத்துக்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறேழு மாசத்துக்கு முன்னால் நான் புதிதாக ஒரு டிஸ்க் மாட்டியபோது என் வயர் எட்டவில்லை. பைக்குள் இருந்தது கொஞ்சம் நீளம். எடுத்து மாட்டிக்கொண்டு என்னுடையதைப் பைக்குள் போட்டேன். ஒரே மாதிரிதானே இருக்கிறது, நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். என் டிஸ்க் எரியாததற்குக் காரணம், என் பவர் சப்ளைக்கு அந்த வயரும் ஒத்துப்போனது. என் பவர் சப்ளையில் இரண்டு துளையில் ஐந்து வோல்ட் வரும்; என்னுடைய வயர் எடுக்கிற துளையில் அந்தப் பெட்டி பன்னிரண்டு தரும். அது என் அதிர்ஷ்டம், அந்தப் பெண்ணின் துரதிர்ஷ்டம். அதற்குப் பிறகு பெட்டியை வாங்கிப்போன இரண்டு பேரும் டிஸ்க் வயரை மாட்டாமல் மதர்போர்டை மட்டும் சோதித்ததால் தப்பித்தார்கள். முந்தின நாள் நான் காட்டுக்கத்தல் கத்தியபோது, அந்தக் கத்தலைச் சுமந்துபோன மெஷின் அந்த வயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. அன்றைக்கும் மறுநாளும் ஹெட்போனைத் தொடவில்லை. என் வீட்டுக்காரி காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணமும் வந்தது. வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பூதப்பாண்டியிலிருந்து கழற்றி எடுத்து வந்த அந்த ஹார்ட் டிஸ்க் என் பைக்குள் இருந்தது. எஸ்.எஸ்.டி. பிழைக்காது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு வழி உண்டு. கரண்ட் அதிகமாக வந்தால் தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றுகிற ஒரு சின்ன டயோடு அதன் போர்டில் இருக்கும். அரிசிக் குருணை அளவுதான். செத்துப்போன அதை எடுத்துவிட்டால் சில டிஸ்க் எழுந்துவிடும். பக்கத்துப் பாகத்தில் சூடு படாமல் எடுக்க மைக்ராஸ்கோப் வேண்டும், நல்ல கை வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் அந்தக் கை உள்ளவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் களவாணி என்று சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நெரிசல். இன்னும் கொஞ்சம் நெரிசல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

அவன் கடையில் ஒரு போனைப் பிரித்துப்போட்டுக் குனிந்திருந்தான். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. துண்டில் சுற்றிய டிஸ்க்கைக் கண்ணாடிமேசைமேல் வைத்தேன்.

"வயரு கெடச்சுதா?" என்றான்.

"கெடச்சுது. எனக்க கேபினட்டுக்க உள்ள இருக்கு."

இடுக்கியைக் கீழே வைத்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கூட்டத்தில் சொல்லியாயிற்றா என்று கேட்டான். இல்லை, இப்போதே எழுதிப் போட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்தேன்.

"எழுதாண்டாம். வாயத் தொறந்து சொல்லு. வாயாலதானே என்னக் களவாணின்ன."

பொறவு டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினான். கடைக்கு சார்ஜர் வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான், அவர்கள் போனதும் ஸ்டூலைப் பார்த்தான்.

மத்தியான நேரத்தில் குரல் அறையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்து நுழைந்தேன். மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் கத்தார்க்காரன், சாப்பாட்டு இடைவேளையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். பலகை எழுத வீடு இல்லாததால்தான் அங்கே உட்கார்ந்திருந்தான் என்று எனக்குப் பட்டது. நான் சொன்னேன். வயரை எடுத்தது நான், மாற்றிப் போட்டது நான், சொருகினது நான், மார்த்தாண்டத்துக்காரன்மேல் ஒரு தப்பும் இல்லை, கசேரயைப் பற்றி உன் வீட்டுக்காரி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாததும் நான்.

கத்தார்க்காரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "டிஸ்க்கு கெடைக்குமா?"

மார்த்தாண்டத்துக்காரன் என் கையிலிருந்து போனை வாங்கி, பாத்துட்டுச் சொல்லுகேன் மக்கா, நீ போய் சோறு தின்னு என்று சொல்லி வைத்தான்.

வேலை பத்து நிமிஷம்கூட இல்லை. அவன் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, சூட்டுக்காற்றை ஊதி, இடுக்கியால் அந்தக் குருணையைத் தூக்கிக் காகிதத்தில் வைத்தான். நான் உதவிக்கு என்று கையை நீட்டினேன். நீ அங்கேயே இரி என்றான். தன் கடைப் பவர் சப்ளையை, அதற்குரிய வயரோடு, அந்த வயரை ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டினான். டிஸ்க் விர்ரென்று ஒரு சுற்று சுற்றி, நின்று, மறுபடி சுற்றி வேகம் பிடித்தது. அந்தச் சத்தத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

உலகம் முழுசாக இருந்தது. மூன்று தனித்தனி பென் டிரைவில் நகல் எடுத்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சாயா வாங்கிக் கொடு, பேசாத என்றான். இரண்டு சாயாவும் நான்கு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் அவன் கூட்டத்துக்குத் திரும்பி வந்தான். வந்ததும், பைக்குள் எல்லா வயரும் இருக்கிறதா டாக்டரே என்று கேட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை தினமும் கேட்கிறான். கேட்கட்டும்.

வியாழக்கிழமை பூதப்பாண்டியில் புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, என்னிடம் இருந்த ஒரு எஸ்.எஸ்.டி.யையும் பிழைத்து வந்த டிஸ்க்கையும் பொருத்திக் கொடுத்தேன். பழைய பவர் சப்ளைதான், அதற்கு ஒரு குறையும் இல்லை. நான் ஒவ்வொரு வயரைச் சொருகும்போதும் அந்தப் பெண் பக்கத்தில் நின்று, இது எங்க உள்ளதுதானா மாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பென் டிரைவ் மூன்றையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எங்கே வைத்தாய் மக்கா என்று கேட்டதற்கு, உங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் என் வீட்டிலிருந்து அந்த உலகத்துக்குள் நுழைந்தேன். கத்தார்க்காரன் தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி, மகளின் மைக்கில் வாய் வைத்துச் சின்னதாக ஜெபம் செய்தாள். எங்கள் கூட்டத்துப் பயல்கள், துப்பாக்கி இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல், முற்றத்தில் குதித்துக்கொண்டு நின்றார்கள். மகள் ஒரு வாளிப் பாலோடு அடுப்படிக்குப் போனாள். அந்த விளையாட்டில் பால் பொங்காது. பொங்கிட்டு என்று அவளே சொன்னாள், எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசி ஆள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டான். நான் வாசலுக்கு வந்தபோது கதவோரம் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தது. அவள் அப்பா எழுதியதல்ல. மாமா உள்ளே வரலாம், எதையும் தொடக் கூடாது என்று எழுதியிருந்தது.

அந்த விளையாட்டில் மவுஸை அழுத்திக் கதவைத் திறப்பதும் தொடுவதுதான். நான் வெளியிலேயே நின்றேன். உள்ளே எல்லாரும் மாடி அறையைப் பார்த்துக் கூச்சல் போடுவது காதில் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கவனித்தாள்.

"மாமா, ஏன் வெளிய நிக்கிய?"

"தொடக் கூடாதுன்னு போட்டிருக்கே மக்கா."

படிக்கட்டில் அவள் இறங்கி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கீபோர்டில் இடது கையால் மட்டும் நடந்து உள்ளே போனேன்.